"இனி வராதுதானே, அக்கா?"

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த சித்தப்பா மகன், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சட்டைக் கையை மடித்துவிட்டு இடது முன்கையை என் பக்கம் நீட்டினான். ஒரு ரூபாய்க் குற்றி அளவில் அதில் ஒரு புண் இருந்தது. நடுவில் சற்றுப் பள்ளம், சுற்றிலும் தடித்து உயர்ந்த விளிம்பு, மேலே காய்ந்த பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை, காய்ச்சலும் வந்ததில்லை என்றான். முதலில் சிறிய பருவாகத் தோன்றி நான்கு மாதங்களில் இந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. அவன் வந்த அன்றே சின்னம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டார். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் அதைக் கரப்பான் என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, குஷ்டமாக இருக்குமோ என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குப் பிறகு சின்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி எங்கே வேலை செய்கிறான் என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் எழுந்தது. அநுராதபுரத்துக்கு அப்பால் கால்வாய் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் அவன் ஒன்றரை ஆண்டுகளாக வேலை செய்கிறான். இரவில் காட்டு ஓரத்துத் தகரக் கொட்டகையில், மாட்டுப் பட்டி ஒன்றுக்குப் பக்கத்தில் படுக்கை. நான் மலைநாட்டு மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறேன். அவனைத் தோல் நோய் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் புண்ணின் விளிம்பைச் சுரண்டி கண்ணாடி வழுக்கியில் பூசித் தந்தார். ஜீம்சா சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தபோது, கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்களான பெருந்தின்கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் முட்டை வடிவத்தில் சின்னஞ்சிறு உருவங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து நான்கு மைக்ரோமீற்றர் நீளம். ஒவ்வொன்றிலும் உருண்டையான கரு ஒன்றும் அதன் அருகே சிறு கோல் போன்ற இன்னொரு புள்ளியும் இருந்தன. அந்த இரண்டாவது புள்ளியைக் கண்டுவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. அது, மணல் ஈ என்ற சிறு பூச்சி கடிக்கும்போது உடலுக்குள் இறங்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி.

அந்த உருவத்தை முதன்முதலில் கண்டவர்களில் ஒருவர் மதராஸ் அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சார்ல்ஸ் டொனொவான். 1903ஆம் ஆண்டு அவர் அங்கே காய்ச்சல் நோயாளிகளிடம் அதைக் கண்டார். அதே ஆண்டில் சில வாரங்கள் முந்தி, இந்தியாவில் நோயுற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட அதே உருவத்தை வில்லியம் லீஷ்மன் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனொவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ரொஸ். இந்தியாவில் இந்த ஒட்டுண்ணி மண்ணீரலையும் ஈரலையும் எலும்பு மச்சையையும் பற்றிக்கொண்டு காலா அசார் என்னும் உயிர்கொல்லி நோயை உண்டாக்குகிறது. இலங்கையிலும் அதே இனந்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பரவியுள்ள மொன்-37 என்ற வகை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் தோல் நோயாளி 1992இல் தெற்கே அம்பலாந்தோட்டைப் பகுதியிலிருந்து பதிவானார். பிறகு வடக்கில் பணிபுரிந்த படையினரிடமும் வறண்ட வலயத்து விவசாயிகளிடமும் நோய் பெருகியது. 2008இல் இது கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய மாவட்டங்களின் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். எங்கள் குளிர் மலையில் அப்படியல்ல. இங்கிருந்து வேலை தேடிக் கீழே இறங்கும் பிள்ளைகள்தான் அதைக் கையிலோ முகத்திலோ சுமந்துகொண்டு மேலே வருகிறார்கள்.

குஷ்டம் இல்லை என்று தெரிந்ததும் சின்னம்மா அழுதுவிட்டார். தம்பிக்கு வாரந்தோறும் புண்ணைச் சுற்றிலும் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் ஊசி போடப்பட்டது. அந்திமனி உலோகத்திலிருந்து செய்யப்படும் அந்த மருந்தை வீங்கிய தோலுக்குள் செலுத்தும்போது ஏற்படும் வலி கடுமையானது. மூன்றாவது வாரம் ஊசி முடிந்து வெளியே வந்தவன், பல்லைக் கடித்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "ஒரு தடவ வந்திருச்சுன்னா இனி வராதுதானே, அக்கா?"

ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இந்த நோயின் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். மனிதருக்கான தடுப்பூசி ஒன்று இன்றுவரை பாவனைக்கு வராமல் இருப்பதன் காரணமும் அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் அப்பாயியின் மேற்கையில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. சிறுமியாக இருந்தபோது பெற்றோரோடு கடல் கடந்து வருவதற்கு முன், மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கவைத்து அம்மை குத்தினார்கள் என்று சொல்வார். அந்தத் தழும்பை உண்டாக்கியது பெரியம்மையின் உறவுக்காரக் கிருமி ஒன்று. அது சில வாரங்களில் உடலை விட்டு அடியோடு நீங்கிவிட்டது. ஆனால் அதை அடையாளம் கண்ட வெண்குருதிக் கலங்களில் ஒரு பகுதி, நினைவுக் கலங்களாக அவர் உடலில் தங்கிவிட்டது. அம்மை குத்தி அரை நூற்றாண்டு கடந்தவர்களின் குருதியிலும் அந்தக் கிருமியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிப் புரதங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கிருமி போய்விடும், நினைவு தங்கிவிடும். நிர்ப்பீடனம் என்று பாடசாலையில் நாம் படித்ததும் இதுவே.

லீஷ்மேனியாவிடம் இந்தப் பாடம் அப்படியே செல்லுபடியாவதில்லை. பிறபொருளெதிரி குருதியிலும் நிணநீரிலும் உலவுவது. கலத்தின் உள்ளே புகுந்து போரிட அதற்கு வழியில்லை. இந்த ஒட்டுண்ணியோ, தன்னை விழுங்கிச் செரிக்க வேண்டிய பெருந்தின்கலத்தையே வீடாக்கிக்கொள்கிறது. ஏனைய கிருமிகள் அமிலத்தில் கரைந்துபோகும் அறைக்குள் அமர்ந்து, இரண்டாக, நான்காகப் பெருகுகிறது. அந்தக் கலம் விழித்தெழுந்து தன்னுள் இருப்பதைக் கொல்ல வேண்டுமானால் வெளியிலிருந்து ஓர் உத்தரவு வர வேண்டும். அதைக் கொண்டு வருபவை டி கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள். அவை சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற புரதமே உத்தரவு. அது கிடைத்ததும் பெருந்தின்கலம் நைத்திரிக் ஒட்சைட்டை உற்பத்தி செய்து ஒட்டுண்ணியை நஞ்சூட்டுகிறது.

1980களின் இறுதியில் ஆய்வுகூட எலிகளில் செய்த பரிசோதனைகள் இதைத் தெளிவாக்கின. கறுப்பு எலி வகை ஒன்றுக்கு லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தை ஏற்றினால் புண் உண்டாகித் தானே ஆறிவிடும். வெள்ளை எலி வகை ஒன்றுக்கு அதே ஒட்டுண்ணியை ஏற்றினால் புண் பரவி, எலி இறந்துபோகும். கறுப்பு எலியின் டி கலங்கள் இன்டர்பெரோன் காமாவைச் சுரந்தன. வெள்ளை எலியின் டி கலங்கள் இன்டர்லியூக்கின் 4 என்ற வேறொன்றைச் சுரந்தன. உதவிக்கு வரும் டி கலங்கள் ஒரே குணமுடையவை அல்ல, எந்தக் குணத்தை அவை கற்றுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே பிழைப்பும் சாவும் அமைகின்றன என்ற எண்ணத்துக்கு உயிருள்ள உடலில் கிடைத்த வலுவான சான்றுகளுள் இது ஒன்று. நிர்ப்பீடனவியலுக்கு இவ்வளவு கொடுத்த ஒரு நோய், அதனால் புண்பட்டவர்களுக்கு ஒரு தடுப்பூசியைக் கூடத் திருப்பித் தரவில்லை என்பது என்னை நெடுநாளாக உறுத்தும் விடயம்.

புண் ஆறியவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை எலிகளுக்கு மிக முன்பே மனிதர்கள் அறிந்திருந்தார்கள். மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் லீஷ்மேனியா மேஜர் பரவிய ஊர்களில், நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த நீரைக் குழந்தையின் பிட்டத்தில் கீறித் தடவும் வழக்கம் இருந்தது. மறைவிடத்தில் ஒரு தழும்பு விழுந்தால் முகத்தில் விழாது என்பது அந்தத் தாய்மாரின் கணக்கு. முகத்தில் தழும்பு விழுந்த பெண்ணுக்கு என்ன நேரும் என்பது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத ஒன்று. ஆகவே அந்தத் தாய்மாரை என்னால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது. சோவியத் ஒன்றியத்திலும் இஸ்ரேலிலும், ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொண்டு இதே முறையைக் கையாண்டார்கள். 1980களில் ஈராக்குடனான போரின்போது ஈரான், படையினரும் அகதிகளுமாகச் சுமார் 20 லட்சம் பேருக்கு இவ்வாறு ஊசி ஏற்றியது. பலன் கிடைத்தது. ஆனால் சிலருக்கு அந்த ஊசிப் புண்ணே மாதக் கணக்கில் ஆறாமல் நின்றது. நிர்ப்பீடனம் குன்றியவருக்கு உயிருள்ள ஒட்டுண்ணி ஆபத்தானது. ஒட்டுண்ணியின் வீரியத்தை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவில் பேணுவதும் கடினம். இக்காரணங்களால் அந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இப்படிப் பாதுகாப்பைத் தந்தது எது? இங்கேதான் இந்த நோய் அப்பாயியின் தழும்பிலிருந்து வேறுபடுகிறது. புண் ஆறிய பிறகும், தழும்புக்குள்ளும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் சிறிதளவு ஒட்டுண்ணிகள் உயிரோடு இருந்துவிடுகின்றன. உடல் அவற்றை முற்றாக ஒழிப்பதில்லை. 2002இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையை நான் முதன்முதலில் படித்தபோது ஒரு பக்கத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. ஆறிய எலியின் தோலில், தாக்கும் டி கலங்களோடு கூடவே அவற்றை அடக்கிவைக்கும் இன்னொரு வகை டி கலங்களும் குடியிருந்தன. அடக்கும் கலங்கள் இன்டர்லியூக்கின் 10 என்ற புரதத்தின் துணையோடு, எஞ்சிய ஒட்டுண்ணிகள் அழியாதபடி தடுத்தன. அந்தப் புரதத்தின் வேலையை நிறுத்தினால் ஒட்டுண்ணி ஒன்றுகூட மிஞ்சாமல் ஒழிந்தது. நல்ல செய்தி என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அவ்வாறு முற்றாகக் குணமான எலிகளுக்கு மறுபடி ஒட்டுண்ணியை ஏற்றியபோது, அவை பாதுகாப்பை இழந்திருந்தன.

உள்ளே பகைவன் சிறிதளவு இருக்கும்வரை காவல் விழித்திருக்கிறது. அவன் முற்றாகப் போய்விட்டால் காவலும் கலைந்துவிடுகிறது. ஒட்டுண்ணி அடுத்த மணல் ஈ வரும்வரை காத்திருக்க ஓர் இடத்தைப் பெறுகிறது, உடல் அதற்கு வாடகையாகப் பாதுகாப்பைப் பெறுகிறது. பிற்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றாலோ நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளாலோ காவல் தளர்ந்தால், அந்த மிச்சம் மீண்டும் பெருகக்கூடும்.

கொன்ற கிருமியையோ அதன் புரதத்தையோ ஏற்றும் தடுப்பூசி உடலில் நிலைப்பதில்லை. ஆகவே அது தரும் பாதுகாப்பும் நிலைக்காதா என்ற கவலை இதிலிருந்து எழுந்தது. 2004இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று சற்று ஆறுதல் தந்தது. உடலில் நீடித்து வாழ முடியாதபடி மாற்றிய ஒட்டுண்ணியை ஏற்றி, அது மறைந்த பின்பும் நிணநீர்க் கணுக்களில் ஒரு வகை நினைவுக் கலங்கள் எஞ்சியிருப்பதை அது காட்டியது. ஆனால் அந்தக் கலங்கள் கணுவிலிருந்து கிளம்பி, பெருகி, தாக்கும் குணத்தைப் பெற்று, தோலை அடைவதற்கு நாட்கள் பிடிக்கும். ஒட்டுண்ணி பெருந்தின்கலத்தினுள் புகுந்து வசதியாக அமர்வதற்கு அவ்வளவு அவகாசம் போதும். ஒட்டுண்ணி உள்ள உடலிலோ, ஆயுள் குறுகிய தாக்கும் கலங்கள் இடைவிடாமல் உண்டாகி எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. 2015இல் அதே பல்கலைக்கழகத்தினர், தோலிலேயே நிரந்தரமாகத் தங்கும் நினைவுக் கலங்களை லீஷ்மேனியா ஆறிய எலிகளில் இனங்கண்டார்கள். அவை புண் இருந்த இடத்தில் மட்டுமன்றி, தொலைவிலுள்ள தோலிலும் இருந்தன. ஒட்டுண்ணி வந்ததும் குரல் எழுப்பி மற்றக் கலங்களை அழைப்பது அவற்றின் வேலை. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மீது பெரும் நம்பிக்கை உண்டு. தடுப்பூசி குருதியில் எத்தனை கலங்களை உண்டாக்கியது என்று எண்ணுவதை விட, தோலில் எத்தனை கலங்களைக் குடியமர்த்தியது என்று எண்ணுவதே இந்த நோய்க்குப் பொருத்தமான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

மணல் ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உள்ள பூச்சி. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அந்தியிலும் இரவிலும் சத்தமில்லாமல் தாழப் பறக்கும். இலங்கையில் நோயைப் பரப்புவது ஃபிளெபொட்டோமஸ் ஆர்ஜென்டிப்ஸ் என்ற இனம். நுளம்பைப் போல நாளத்தில் நுண்ணிய குழலைச் செருகிக் குடிக்க இதனால் முடியாது. தோலைக் கிழித்து, ஊறும் குருதியைக் குடிக்கிறது. அப்போது அதன் உமிழ்நீரும், குடலில் ஒட்டுண்ணிகள் சுரந்து வைத்த ஒரு வகைப் பசையும், ஒட்டுண்ணிகளும் சேர்ந்து காயத்தில் இறங்குகின்றன. காயத்தை நோக்கி முதலில் ஓடிவரும் வெண்குருதிக் கலங்கள் ஒட்டுண்ணியை விழுங்குகின்றன; அதுவே அதற்கு மறைவிடமாகிறது. 2009இல் வெளியான ஒரு பரிசோதனையில், கொன்ற ஒட்டுண்ணியாலான தடுப்பூசியைப் பெற்ற எலிகள், ஊசியால் ஒட்டுண்ணி ஏற்றப்பட்டபோது நன்றாகத் தாக்குப்பிடித்தன. அதே எலி வகையை உண்மையான மணல் ஈக்கள் கடித்தபோது அந்தப் பாதுகாப்பு குலைந்தது. முன்பு நோய் வந்து ஆறிய எலிகள் மட்டும் ஈக்கடியையும் தாங்கின. ஆய்வுகூடத்து ஊசியை வென்ற பல தடுப்பு மருந்துகள் கிராமத்து ஈயிடம் தோற்றது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

தோற்றவற்றுள் ஒன்றோடு எனக்கு ஓர் உறவு உண்டு. என் இடது கையில் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருக்கிறது. காசநோய்க்கு எதிரான அந்த மருந்தை, டி கலங்களைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளாகக் கொன்ற லீஷ்மேனியாவோடு கலந்து ஈரானிலும் சூடானிலும் பலருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. பிறகு அமெரிக்காவில் ஒட்டுண்ணியின் சில புரதங்களை ஒன்றாக இணைத்த லீஷ்-எஃப் வரிசை மருந்துகள் உருவாகின. பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில், சிம்பன்சிக் குரங்கின் வைரசு ஒன்றினுள் ஒட்டுண்ணியின் பரம்பரையலகுகளை வைத்து மருந்து செய்து, காலா அசாருக்குப் பின் தோலில் படரும் நோய்க்காகச் சூடானில் பரிசோதித்தார்கள். மணல் ஈயின் உமிழ்நீர்ப் புரதத்தையே மருந்தாக்கும் முயற்சியும் உண்டு. கிருமியில்லாத ஈக்கள் முன்பே கடித்த எலிகளுக்கு நோய் குறைவாக வருவது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2015இல் அத்தகைய புரதம் ஒன்று குரங்குகளிலும் பயன் தந்தது.

இவற்றுள் என் மனம் அதிகம் சாய்வது, 2020இல் வெளியான இன்னொரு வழியின் பக்கம். பழைய தாய்மாரின் முறையை ஆபத்து நீக்கி மீட்டெடுப்பது அது. லீஷ்மேனியா மேஜரின் சென்ட்ரின் என்ற பரம்பரையலகை, பரம்பரையலகுகளைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் நுட்பத்தால் வெட்டி எடுக்கிறார்கள். அது இல்லாத ஒட்டுண்ணி வளர்ப்பு ஊடகத்தில் பெருகும். ஆகவே தொழிற்சாலையில் தயாரிக்க முடியும். பெருந்தின்கலத்தினுள் புகுந்ததும் அதனால் முறையாகப் பிரிந்து பெருக முடிவதில்லை. புண்ணை உண்டாக்காமல், பாடம் கற்பிக்கப் போதுமான காலம் இருந்துவிட்டு மடிகிறது. எலிகளில் இது மணல் ஈயின் கடியையும் தாங்கும் பாதுகாப்பைத் தந்தது. காலா அசாரை உண்டாக்கும் டொனொவானிக்கு எதிராகவும் ஹாம்ஸ்டர் எனப்படும் வெள்ளெலி வகை ஒன்றில் பயன் தந்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆய்வாளர்களோடு, மருந்தைத் தரக்கட்டுப்பாட்டோடு தயாரிக்கும் பொறுப்பில் இந்தியாவின் புனே நகர நிறுவனம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்குத் தோல் லீஷ்மேனியா புதிதாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலானோர் ஏழைகள். இந்த நோய் கொல்வதில்லை என்ற ஒரே காரணத்தால் இது வரிசையின் கடைசியில் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இலங்கைக்கு இதில் தனிப்பட்ட ஓர் இடம் இருக்கிறது. எலிகள் தந்த பாடங்களில் பெரும்பகுதி லீஷ்மேனியா மேஜரைப் பற்றியது; தம்பியின் கையில் இருந்தது டொனொவானி. ஒரே இனம் பக்கத்து நாட்டில் ஈரலுக்கு இறங்கிக் கொல்ல, இங்கே தோலில் நின்றுவிடுவது ஏன் என்பதை இரண்டு வகைகளின் பரம்பரையலகுகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். ஆறிய இலங்கையரின் தோலில் எந்தக் கலங்கள் தங்கியிருக்கின்றன என்பதையும் அதே அக்கறையோடு தேட வேண்டும். அதற்கான நோயாளிகளும் வழுக்கிகளும் இந்த நாட்டிலேயே இருக்கின்றன.

தம்பியின் புண் ஆறிவிட்டது. வெளிறிய, சற்றுப் பள்ளமான, வட்டத் தழும்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. கடைசியாகக் கிளினிக்குக்கு வந்த நாளில் அவன் கேள்விக்கு என்னால் இயன்ற விடையைச் சொன்னேன். மறுபடி வரும் வாய்ப்புக் குறைவாக இருக்கலாம், ஆனால் வராது என்று வாக்குத் தர மாட்டேன் என்றேன். மருந்து புண்ணை ஆற்றினாலும் காவல் காப்பது உன் சொந்தக் கலங்கள்; அவை காக்கும் சிறு மிச்சம் தோலுக்குள் இருக்கக்கூடும் என்றேன். கொட்டகையில் மாலையானதும் முழுக்கைச் சட்டை போடு, கண் நெருக்கமான வலை வாங்கிக்கொள், என்றைக்காவது சிறுநீரகத்துக்கோ மூட்டுக்கோ வேறெதற்கோ நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எழுதினால் இந்தத் தழும்பை அந்த மருத்துவருக்குக் காட்டு என்றேன்.

"அப்ப அது உள்ளயேதான் இருக்குமா, அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தழும்பைச் சிறிது நேரம் தடவிக்கொண்டிருந்தான். கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிடாதே என்று சொன்னேன். அவன் அதைச் சின்னம்மாவிடம் கொடுத்தான். சின்னம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, அப்பாயியின் தகரப் பெட்டியில், குடும்பத்தின் பிரஜாவுரிமைப் பத்திரங்கள் இருக்கும் உறைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.